180 பெரிசா, 3 பெரிசா? ராக்கெட் சிப்பையும் செல்போன் சிப்பையும் ஒரே அளவுகோலால் அளக்கும் குழப்பம்

2025 செப்டம்பர் 2ஆம் தேதி டெல்லியில் செமிகான் இந்தியா மாநாட்டில் பிரதமர் கையில் ஒரு சிறு சிப் கொடுக்கப்பட்டது. பெயர் விக்ரம் 3201. வடிவமைத்தது திருவனந்தபுரத்தில் தும்பாவில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் பஸ் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் அந்தப் பக்கம் போய்விடலாம். எல்லையின் இரு பக்கத்திலும் இருக்கும் தமிழர்களுக்கு அது பக்கத்து ஊர்ச் சமாச்சாரம். அதனால் பெருமையும் கேலியும் சேர்ந்தே கிளம்பின. ஒருவர் 'இனி நாமே சிப் செய்வோம், போன் விலை குறையும்' என்றார். இன்னொருவர் 'அது 180 நானோமீட்டர் சிப், என் போனில் இருப்பது 3 நானோமீட்டர், அறுபது மடங்கு பின்தங்கியிருக்கிறோம்' என்றார்.

இருவருமே சிப்பை ஒரே ஒரு எண்ணால் அளக்கிறார்கள். அந்த எண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்று தெரிந்தால் விக்ரமை மட்டுமல்ல, செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளைப் பற்றி தினமும் வரும் செய்திகளையும் புரிந்துகொள்ளலாம்.

நானோமீட்டர் என்று எதைச் சொல்கிறார்கள்?

சிப் என்பது சிலிக்கான் துண்டின் மேல் செதுக்கிய சுவிட்சுகளின் கூட்டம். அந்தச் சுவிட்சுக்குப் பெயர் டிரான்சிஸ்டர். குழாய் போலத் திறந்து மின்சாரத்தை ஓடவிட்டால் 1, மூடி நிறுத்தினால் 0. அவற்றைக் கோத்துக் கூட்டல் செய்ய வைக்கலாம், நினைவில் வைக்கச் செய்யலாம், ஒப்பிட வைக்கலாம்.

1971இல் வந்த இன்டெல் 4004தான் சந்தைக்கு வந்த முதல் ஒற்றைச் சிப் மைக்ரோபிராசஸர் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிசிகாம் என்ற ஜப்பானியக் கம்பெனியின் கால்குலேட்டருக்காகத் தொடங்கிய வேலை அது. அதில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. செதுக்கிய அளவு 10 மைக்ரான், அதாவது 10,000 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அந்தக் காலத்தில் இந்த எண் உண்மையான ஒரு நீளத்தைக் குறித்தது.

இன்றைய '3 நானோமீட்டர்' அப்படியல்ல. அந்தச் சிப்பின் டிரான்சிஸ்டரில் எந்த முக்கிய நீளத்தை அளந்தாலும் 3 வராது. பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான தூரமே 40 நானோமீட்டருக்கு மேல். 3 என்பது தலைமுறையின் பெயர், அவ்வளவுதான். ஆகவே 180ஐ 3ஆல் வகுத்து 'அறுபது மடங்கு' என்று சொல்வது கணக்கே அல்ல.

அதற்காக வித்தியாசம் சின்னது என்று நினைத்துவிட வேண்டாம். 1999இல் 180 நானோமீட்டர் முறையில் வந்த பென்டியம் 3 சிப்பில் சுமார் 2.8 கோடி டிரான்சிஸ்டர்கள். 2023இல் ஐபோனில் வந்த 3 நானோமீட்டர் ஏ17 புரோ சிப்பில் 1,900 கோடி. இரண்டுமே கைவிரல் நகத்தளவுதான். இடைவெளி அறுபது மடங்கை விட மிகப் பெரியது. கேலி செய்தவரே குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் அவர் சொன்னது சரிதானா? பொறுங்கள். அதற்கு முன் சிப் உலகம் ஏன் 'சுருக்குவதை' மட்டும் நம்புவதை விட்டது என்று பார்க்க வேண்டும்.

சுருக்கினால் போதும் என்றிருந்த காலம்

1965இல், பின்னாளில் இன்டெலைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோர்டன் மூர் ஒரு கணிப்பைச் சொன்னார். ஒரு சிப்பில் அடைக்கும் உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகும் என்றார். 1975இல் அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். இதுதான் மூர் விதி. விதி என்று பெயரே தவிர, இயற்பியல் விதி இல்லை. தொழிற்சாலைகள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட இலக்கு என்று சொல்லலாம்.

உண்மையான பலன் வேறொரு இடத்திலிருந்து வந்தது. 1974இல் ராபர்ட் டென்னார்ட் என்ற ஐபிஎம் பொறியாளரும் அவரது குழுவினரும் காட்டிய விஷயம் அது. டிரான்சிஸ்டரைச் சுருக்கும்போது மின்னழுத்தத்தையும் கூடவே குறைத்தால், எண்ணிக்கை கூடினாலும் அதே பரப்பில் கிளம்பும் சூடு கூடாது. அதே சமயம் வேகமும் கூடும். முப்பது வருடத்துக்கு இது கேட்டதெல்லாம் கொடுத்தது. புது கம்ப்யூட்டர் வாங்கினால் பழைய புரோகிராம் தானாகவே வேகமாக ஓடும். 2005ஐ ஒட்டி அது நின்றுபோனது. எப்படி என்றால்:

1. மின்னழுத்தத்தை ஓரளவுக்குக் கீழே குறைக்க முடியவில்லை. குறைத்தால் சுவிட்ச் மூடியிருக்கும்போதும் மின்சாரம் கசிகிறது. வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி.

2. மின்னழுத்தம் குறையாமல் டிரான்சிஸ்டர் மட்டும் கூடினால் சூடு ஏறும். 2004இலேயே பென்டியம் 4 சிப் 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தொட்டுவிட்டது. இருபது வருடம் கழித்தும் கடையில் வாங்கும் கம்ப்யூட்டர் 5, 6 ஜிகாஹெர்ட்ஸைச் சுற்றித்தான் நிற்கிறது.

3. சரி, ஒரே மூளையை வேகமாக்க முடியாது, நாலு மூளை வைப்போம் என்று மல்ட்டி கோர் வந்தது. ஆனால் எல்லா வேலையையும் நாலாகப் பிரிக்க முடியாது. நாலு பேர் சேர்ந்தால் மட்டும் ஒரு குழம்பு கால் மணி நேரத்தில் கொதித்துவிடாது.

4. ஆக டிரான்சிஸ்டர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்ட மின்சாரமும் குளிர்ச்சியும் இல்லை. மிச்சமிருக்கும் ஒரே வழி, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் மின்சாரத்தைக் குறைப்பது.

இந்த நாலாவது இடத்திலிருந்துதான் சிறப்புச் சிப்புகளின் கதை தொடங்குகிறது.

வெட்டுக்கத்தியும் பால்வெட்டுக் கத்தியும்

குமரி மாவட்டத்திலும் அப்புறம் நெடுமங்காடு பக்கமும் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் இரண்டு கத்தி இருக்கும். ஒன்று வெட்டுக்கத்தி. தேங்காய் உரிப்பதைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் உதவும். மற்றது பால்வெட்டுக் கத்தி. மரப்பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவ மட்டுமே ஆகும். அந்த ஒரு வேலையில் அதை வெட்டுக்கத்தி ஜெயிக்காது. வெட்டுக்கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் மரம்தான் காயப்படும்.

கம்ப்யூட்டரின் பொது மூளையான சிபியு வெட்டுக்கத்தி. எந்தப் புரோகிராமையும் ஓட்டும். அதற்கு அது கொடுக்கும் விலை என்ன என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் ஒரு கணக்குக் காட்டினார். 45 நானோமீட்டர் சிப் ஒன்றில் இரண்டு எண்களைக் கூட்டும் சுற்றுக்கு மட்டும் ஆகும் மின்சாரம் சுமார் 0.1 பிகோஜூல் (ஆற்றலை அளக்கும் மிக மிகச் சிறிய அலகு). ஆனால் 'இவற்றைக் கூட்டு' என்ற கட்டளையை எடுத்து வந்து, படித்துப் பொருள் புரிந்து, எண்களை எடுத்துக் கொடுத்து, விடையை வைக்கும் மொத்தச் செலவு சுமார் 70 பிகோஜூல். ஒரு ரூபாய்க்கு மல்லித்தழை வாங்க 700 ரூபாய் ஆட்டோவில் போய் வருவது போல.

செய்யப்போகும் வேலை இன்னதுதான் என்று முன்பே தெரிந்தால் இந்த ஆட்டோச் செலவை வெட்டிவிடலாம். ஒரு கட்டளைக்கு ஒரு கூட்டல் என்பதற்குப் பதிலாக ஒரு கட்டளைக்கு ஆயிரம் கூட்டல் என்று வைத்தால், அதே 700 ரூபாயை ஆயிரம் பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் ஜிபியு இப்படித்தான் வேலை செய்கிறது. திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே கணக்கைப் போட வேண்டும் என்பதற்காகப் பிறந்தது அது. 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் ஜெயித்த அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலைப்பின்னலுக்கு (செயற்கை நுண்ணறிவில் ஒரு வகை), விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் இரண்டு என்விடியா கார்டுகளில்தான் பயிற்சி கொடுத்தார்கள். அதன் பிறகு என்விடியா எங்கே போனது என்பது பங்குச் சந்தை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

செயற்கை நுண்ணறிவின் உள்ளே நடப்பது பெரும்பாலும் பிளஸ் டூவில் படித்த அணிப் பெருக்கல்தான். பெருக்கு, கூட்டு, பெருக்கு, கூட்டு. அதுவும் கோடிக்கணக்கில். வேலை இவ்வளவு ஒரே மாதிரி இருந்தால் அதற்கென்றே கத்தி செய்யலாமே? கூகுள் செய்தது. டிபியு என்ற சிப்பை 2015 முதல் தன் தரவு மையங்களில் ஓட்டியது. 2016இல்தான் வெளியே சொன்னது.

டிபியுவின் முதல் பதிப்புதான் நம் கேள்விக்கு நேரடியான சாட்சி. அதன் நடுவில் 256க்கு 256 என்று 65,536 பெருக்கிகள் சதுரமாக நிற்கின்றன. ஒரு பெருக்கி தன் விடையைப் பக்கத்துப் பெருக்கிக்குக் கைமாற்றும், அது அடுத்ததற்கு. கட்டட வேலையில் சட்டி கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறை. எண்களும் 32 பிட்டில் அல்ல, வெறும் 8 பிட்டில் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம்). படத்தில் இருப்பது பூனையா நாயா என்று சொல்ல எட்டுப் பத்து தசம இடத்துத் துல்லியம் தேவையில்லை. பிட்டுகளைக் குறைத்தால் பெருக்கி பல மடங்கு சிறிதாகும். இந்தச் சிப் செய்யப்பட்டது 28 நானோமீட்டர் முறையில். ஒப்பிடப்பட்ட இன்டெல் சிபியு அதைவிடப் புதிய 22 நானோமீட்டர். 2017இல் கூகுள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, தன் வேலையில் டிபியு அந்த சிபியுவையும் அன்றைய ஜிபியுவையும் விடச் சராசரியாக 15 முதல் 30 மடங்கு வேகம்.

நானோமீட்டரில் பின்தங்கிய சிப் முன்னால் இருந்த சிப்பை ஜெயித்தது. வித்தியாசம் முழுக்க வடிவமைப்பில்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பால்வெட்டுக் கத்தியால் விறகு வெட்ட முடியாது. கணக்குப் போடும் முறை மாறினால் சிறப்புச் சிப் வெறும் சிலிக்கான் துண்டாகிவிடும். அதனால்தான் அளவுக்கு மீறிச் சிறப்பாக்காமல், கொஞ்சம் நெகிழ்வையும் விட்டுவைக்கிறார்கள்.

களியக்காவிளை நெரிசல்

பெருக்கியை வேகமாக்கியதும் அடுத்த தொல்லை வந்தது. எண்களை யார் கொண்டுவந்து கொடுப்பது?

ஓணச் சமயத்தில் தோவாளையில் பூ ஏற்றிய வண்டி திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்ற சந்தைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூக்கட்டுபவர்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் பயனில்லை. வண்டி களியக்காவிளையில் நிற்கிறது. சிப்பிலும் இதுதான். நினைவகமான டிராம் வேறு சிப். அங்கிருந்து எண்ணை எடுத்துவர ஆகும் மின்சாரம், அதே ஹோரோவிட்ஸ் கணக்கில், ஒரு எளிய கூட்டலைப் போல் பல ஆயிரம் மடங்கு. நேரமும் மிக அதிகம். இதை நினைவகச் சுவர் என்கிறார்கள்.

வண்டிக்காரர்களுக்குத் தோன்றும் வழிகள்தான் சிப்காரர்களுக்கும் தோன்றியிருக்கின்றன. பாறசாலையிலேயே ஒரு கிட்டங்கி வைத்துச் சரக்கைத் தயாராக வைக்கலாம்; சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகம் அதுதான். சாலையை அகலமாக்கலாம். நினைவகச் சிப்புகளை மாடி மாடியாக அடுக்கி, கணக்குச் சிப்பின் பக்கத்திலேயே ஒட்டவைத்து, ஒரு அடுக்குக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பிகளால் இணைக்கும் எச்பிஎம் நினைவகம் இந்த வகை. எஸ்கே ஹைனிக்ஸ் 2013இல் இதை முதலில் செய்தது. இன்று செயற்கை நுண்ணறிவுச் சிப் எதுவாக இருந்தாலும் அதன் விலையிலும் தட்டுப்பாட்டிலும் இந்த நினைவகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்றாவது வழி, ஒருமுறை கொண்டுவந்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. டிபியுவின் கைமாற்றுச் சதுரம் அதைத்தான் செய்கிறது.

என் பார்வையில், அடுத்த பத்து வருடத்தின் சிப் போட்டி டிரான்சிஸ்டரில் நடப்பதைவிட இந்தச் சாலையில்தான் அதிகம் நடக்கும்.

பெரிய சிப்பை உடைத்துச் சேர்ப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே வீச்சில் ஒளியால் அச்சிடக்கூடிய பரப்பு அதிகபட்சம் சுமார் 858 சதுர மில்லிமீட்டர். 2022இல் வந்த என்விடியா எச்100 சிப் 814ஐத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஒரே துண்டாக வளர இடமில்லை.

இன்னொரு காரணம் பழுது. ஒரு சிலிக்கான் தட்டில் நாலு இடத்தில் தூசி விழுந்தது என்று கொள்வோம். தட்டில் 20 பெரிய சிப் இருந்தால் நாலு வீண், அதாவது ஐந்தில் ஒன்று. அதே தட்டில் 200 சிறு சிப் இருந்தாலும் நாலுதான் வீண், ஆனால் அது ஐம்பதில் ஒன்று. எனவே சிறு துண்டுகளாகச் செய்து, நல்லதைப் பொறுக்கி, ஒரே பலகையில் ஒட்டுகிறார்கள். இந்தத் துண்டுக்குப் பெயர் சிப்லெட். ஏஎம்டி 2017இலிருந்து சர்வர் சிப்புகளில் இதைச் செய்கிறது. இதில் இன்னொரு வசதி: கணக்குப் போடும் துண்டை விலை அதிகமான புது முறையிலும், உள்ளே வெளியே தகவல் அனுப்பும் துண்டைப் பழைய, மலிவான முறையிலும் செய்யலாம். இப்போது அந்தச் சிப்பை எத்தனை நானோமீட்டர் என்று சொல்வீர்கள்?

இனி விக்ரமுக்கு வருவோம்

விக்ரம் 3201 ஒரு பால்வெட்டுக் கத்தி. ராக்கெட்டின் வழிகாட்டல், திசை திருத்தம், கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான கணக்கைப் போடுவது அதன் வேலை. முன்னால் இருந்த 16 பிட் விக்ரம் 1601, 2009 முதல் ராக்கெட்டுகளில் பறந்தது. இது 32 பிட். 2024 டிசம்பரில் பறந்த பிஎஸ்எல்வி சி60 ராக்கெட்டில் வைத்து விண்வெளியில் சோதித்தார்கள். செய்யப்பட்டது பஞ்சாப் மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியின் 180 நானோமீட்டர் தயாரிப்புக் கூடத்தில். அங்கே ஏன் 180 போதும்?

1. ராக்கெட்டின் கணக்கு சின்னது. வீடியோ ஓட்ட வேண்டாம், செயற்கை நுண்ணறிவு ஓட்ட வேண்டாம். ஆனால் குறித்த நேரத்துக்குள் விடை வந்தே ஆக வேண்டும். சராசரி வேகத்தைவிட ஒரு தடவைகூடத் தவறாமல் இருப்பதுதான் முக்கியம்.

2. மேலே போகப் போகக் கதிர்வீச்சுத் துகள்கள் சிப்பில் மோதும். 0ஐ 1 ஆகப் புரட்டிவிடும். பெரிய டிரான்சிஸ்டரில் தேங்கும் மின்னூட்டம் அதிகம், அதைப் புரட்டுவது கடினம். குடத்துத் தண்ணீரையும் தம்ளர்த் தண்ணீரையும் தட்டிவிட்டுப் பாருங்கள்.

3. மைனஸ் 55 டிகிரி முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும்.

4. கடைசியாக, இது நம் கையில் இருக்கும் கூடம். வெளிநாடு தடை போட்டாலும் ராக்கெட் நிற்காது. 1989இல் மொஹாலிக் கூடம் தீப்பிடித்து நாசமானது, இந்தியாவின் சிப் தயாரிப்பு பல வருடம் பின்னால் போனது. அந்த வரலாறு தெரிந்தவர்கள் 180ஐக் கேலி செய்ய மாட்டார்கள்.

அதே சமயம், 'போன் விலை குறையும்' என்றவருக்கும் பதில் இதுதான். இந்தச் சிப்புக்கும் உங்கள் போனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

வரைவது ஒரு தொழில், செய்வது வேறு தொழில்

செய்தியில் 'நம் சிப்' என்று வந்தால் எந்தக் கட்டத்தைச் சொல்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். நாலு கட்டம் இருக்கிறது: கட்டளை மொழி, வடிவமைப்பு, தயாரிப்பு, பொதியல்.

கட்டளை மொழி என்பது சிப்புக்குப் புரியும் அடிப்படைச் சொற்களின் பட்டியல். இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் மொழி ஒன்று, போன்களில் இருக்கும் ஆர்ம் மொழி இன்னொன்று. அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் யாரும் காசு கொடுக்காமல் எடுத்தாளக்கூடியது. சென்னை ஐஐடியின் சக்தி சிப்பும் திருவனந்தபுரத்தில் இருக்கும் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் வேகா வரிசையும் இந்த மொழியில்தான் பேசுகின்றன. ஐயர்வீட்டுச் சமையலா நாயர்வீட்டுச் சமையலா என்பது சமைப்பவர் கையில். அரிசி மட்டும் பொது.

வடிவமைப்புதான் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு நெருங்கிய கட்டம். குழித்துறையிலும் பாறசாலையிலும் ரயில் ஏறித் திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க் போகிறவர்கள் 'விஎல்எஸ்ஐ' என்று சொல்வது இதைத்தான். சிப்பை வரைவது என்றால் கையால் கோடு போடுவதல்ல. வெரிலாக் போன்ற மொழியில் எழுதுகிறார்கள். மென்பொருள் அதைச் சுற்றாக மாற்றுகிறது. இதில் பெரும்பங்கு உழைப்பைத் தின்பது சரிபார்ப்பு. புரோகிராமில் பிழை வந்தால் அப்டேட் அனுப்பலாம், சிலிக்கானுக்கு அனுப்ப முடியாது. 1994இல் பென்டியம் சிப்பின் வகுத்தலில் ஒரு பிழை வெளிப்பட்டபோது இன்டெல் ஒதுக்க நேர்ந்த தொகை 47.5 கோடி டாலர். வகுத்தலுக்காகச் சிப்புக்குள் வைத்த பட்டியலில் சில எண்கள் விடுபட்டிருந்தன, அவ்வளவுதான் தவறு.

தயாரிப்பு முற்றிலும் வேறு உலகம். பெருமளவு நீர், ஒரு நொடியும் தடைபடாத மின்சாரம், பல்லாயிரம் கோடி முதலீடு. குஜராத் டோலேராவில் டாடாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் சேர்ந்து அமைக்கும் கூடத்துக்குச் சொல்லப்பட்ட முதலீடு 91,000 கோடி ரூபாய். இலக்கு 28 நானோமீட்டர் வரை. பொதியல் அதைவிடச் சிறிய முதலீடு: வேறெங்கோ செய்த சிப்பை வெட்டி, கால் பொருத்தி, உறையிட்டு, சோதிப்பது. ஆந்திராவுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது இந்த வகை ஆலைக்கு. ஆண்டுக்கு 9.6 கோடி சிப்புகளைப் பொதிவது அதன் திட்டம். தடா, சத்தியவேடு பக்கத்துத் தமிழர்கள் 'ஆந்திராவில் சிப் பேக்டரி' என்று கேள்விப்பட்டது அதைத்தான்.

இந்த நாலும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை, இருப்பதும் இல்லை. திருவனந்தபுரத்தின் நெட்ராசெமி என்ற கம்பெனி கேமராக்களுக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவை ஓட்டும் சிப்புகளை வடிவமைக்கிறது. 2025இல் அது திரட்டிய 107 கோடி ரூபாயில் ஸோஹோவின் பணமும் இருக்கிறது. அதே ஆண்டில் ஸோஹோ தானே சிப் தயாரிக்கும் திட்டத்தை நிறுத்திவைத்திருந்தது. தயாரிப்பிலிருந்து விலகிய பணம் வடிவமைப்பில் போய் உட்கார்ந்தது. அங்கே வரையும் சிப் கேமராவுக்கானது, மின்சாரம் குறைவாக இருக்க வேண்டும், ராக்கெட்டின் 180 அதற்கு உதவாது. 12 நானோமீட்டர் முறையைத் தேர்ந்தார்கள். அந்த முறைக்கான கூடம் இந்தியாவில் இல்லை. வரைபடக் கோப்பு தைவான் போய், சிலிக்கானாகித் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும்.